செம்பு காட்டாத தண்ணீர்

இன்று காலை நைத்திரிக் அமிலப் போத்தலைத் திறந்தேன். மூக்கைச் சுட்ட அந்த நெடியோடு நீயும் வந்துவிட்டாய். வராமலே இருந்திருக்கலாம். இந்த நெடி உனக்கு ஆகாது என்று அமிலம் தொடும் வேலையையெல்லாம் என் தலையில்தான் கட்டுவாய்.

புசல்லாவையில் உன்னைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து ஆய்வுகூடத்தில் உன் புராணம்தான். யார் மனதையும் நோகடிக்காதவளாம். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கம்பளைப் பக்கத்து இந்தச் சின்னக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் நாம் இருவரும்தான் நீரைச் சோதித்தோம். மேட்டிலிருக்கும் பித்தளைப் பட்டறை செம்பு கலந்த தண்ணீரைச் சாக்கடையில் விடுவது இருவருக்கும் தெரியும். சுத்திகரித்த நீரில் செம்பை அளக்கும் மின்முனையை வைத்துவிட்டு, "செம்பே இல்லடி" என்பாய். அதே நீரை நான் அமிலம் விட்டுக் கொதிக்கவைத்து அளந்தால் செம்பு வந்து நிற்கும். நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள் அதைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும். தனியாகத் திரியும் செம்பு மட்டுமே உன் மின்முனைக்குத் தெரியும். இது தெரியாதவளா நீ?

"கட்டிக்கிட்டுக் கெடக்குற செம்பு மீனைக்கூட ஒண்ணும் செய்யாதுடி. எதுக்கு வீணா ஊரைக் கலக்குற?" என்றாய். பாதி உண்மை. அதனால்தான் உன்னோடு வாதாடி ஜெயிக்க முடியவில்லை. இந்தத் தண்ணீர் பாயும் வயல் சேற்றில் கரிமத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடும், செம்பை யாரடி தின்பது என்று கேட்டேன். சிரித்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனாய்.

நிலையத்து நீர் வெளியேறும் வாய்க்கால் ஓரம் கங்குன் கீரை போடும் அக்கா உன்னிடம்தான் வந்து கேட்டார், தண்ணீரைப் பாய்ச்சலாமா என்று. என்னிடம் கேட்கவில்லை. நீ அவர் ஊர்த் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. "தைரியமா பாய்ச்சுங்க அக்கா" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னாய். எவ்வளவு இனிமையாகச் சொன்னாய்!

இன்று மதியம் அவர் வந்தார். பையில் பாத்திச் சேறும் வெளிறிப்போன கீரையும். வேர் விரல் நீளத்துக்குக்கூட இறங்கவில்லை. சேற்றைச் சோதித்தேன். முழுக்கச் செம்பு. உள்ளதை உள்ளபடி சொன்னேன், நீ தெரிந்தே மறைத்ததையும் சேர்த்து.

அவர் முகம் கறுத்துவிட்டது. "செத்தவங்க மேல பழி போடாதீங்க மிஸ். அந்தப் புள்ள எனக்குப் பொய் சொல்லாது" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலமும் அந்தத் தண்ணீரைத்தான் பாய்ச்சுவார். நாளை நான் அவர் வீட்டுக்குப் போவேன், மறுபடியும் போவேன். அவர் உன்மேல் வைத்திருக்கும் பிரியத்தோடு இனி நான் மல்லுக்கட்ட வேண்டும். போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே, பாவி.