அந்தமானுக்குக் கப்பல் ஏறுகிறவளுக்கு

உத்திரமேரூர்
20-1-1962

அன்புள்ள தங்கை தேவகிக்கு,

உன் மேரி அக்கா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. ராயபுரத்தில் உன் அண்ணன் வீட்டில் நீயும் குழந்தை அம்முலுவும் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கார்டு நேற்று வந்தது. உன் வீட்டுக்காரர் எல்லப்பன் அங்கிருந்து கப்பல் டிக்கெட் அனுப்பிவிட்டார் என்று படித்ததும் சந்தோஷப்பட்டேன். அந்தமானில் இருந்தவள் நீதான், எப்படிப் போக வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும், எழுது அக்கா என்று கேட்டிருக்கிறாய். தெரிந்ததை எழுதுகிறேன்.

அம்மை குத்திய சீட்டும் காலரா ஊசி போட்ட சீட்டும் இல்லாவிட்டால் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். பெட்டிக்குள் வைக்காதே, முந்தானையில் முடிந்துகொள். கீழ்த்தட்டில் படுக்க இடம் பிடிக்கும்போது கப்பலின் நடுப்பக்கமாகப் பார். தை மாதத்துக் கடல் சாதுதான். ஆனாலும் முதல் நாள் குடலைப் பிடுங்கும். வெறும் வயிற்றோடு படுக்காமல் பொரியும் பொட்டுக்கடலையும் கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்னு. நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள். மேல்தட்டில் தூரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தால் தலை சுற்றாது. குழந்தையைக் கம்பி ஓரம் விடாதே.

தேங்காய் சுமந்துகொண்டு போகாதே, அங்கே காலில் இடறும். மீனும் அப்படித்தான். புளி, காய்ந்த மிளகாய், பெருங்காயம், வடகம் நிறையக் கட்டிக்கொள். கத்தரி விதை கொஞ்சம் எடுத்துப் போ, காய்கறிக்கு அங்கே பஞ்சம். வைகாசியில் பிடித்த மழை கார்த்திகை வரை விடாது. தீப்பெட்டி நமுத்துப்போகும், மூடியுள்ள டப்பாவில் போட்டு வை. விறகுக்குப் போனால் காலில் அட்டை ஏறும். பிடுங்காதே, புகையிலைத் தண்ணீர் பட்டால் தானே விழும். கடையில் இந்திதான். பானி என்றால் தண்ணீர், நமக் என்றால் உப்பு. மற்றது தானாக வரும்.

கொசுவலையை மட்டும் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. மூர்மார்க்கெட்டில் பெரியதாகப் பார், ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து வாங்கு. படுக்கும்போது நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகு. அம்முலுவுக்கு உடம்பு லேசாகச் சுட்டாலும் கஷாயம் வைத்துப் பார்க்கலாம் என்று உட்காராதே. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. மழை கொட்டினாலும் ஓடு.

இன்னொன்று யாரும் சொல்லமாட்டார்கள். அங்கே சீக்கிரம் இருட்டிவிடும். இங்கே நாம் களத்திலிருந்து கிளம்பும் நேரத்துக்கு அங்கே விளக்கு வைத்துவிடுவார்கள். எல்லப்பன் ரோடு வேலை முடித்து வரும்வரை அந்தப் பொழுது லேசில் போகாது. தனியாக வீட்டுக்குள் உட்காராதே. பக்கத்தில் ராஞ்சிப் பக்கமிருந்து கூலி வேலைக்கு வந்த பெண்கள் இருப்பார்கள். பாஷை தெரியாவிட்டாலும் அவர்கள் அடுப்பண்டை போய் உட்கார்.

இங்கே அறுப்பு நடக்கிறது. நீ இல்லாததால் சிட்டம்மாள் ஆட்களோடு போகிறேன். அவர்கள் பேசிச் சிரித்து அறுக்கிறார்கள். நான் ஓரத்து வரிசையை எடுத்துக்கொள்கிறேன். ஐசக் அண்ணன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் உட்கார்ந்தபிறகு எங்கே உட்காருவது என்று எனக்கு ஒரு யோசனை வரும்.

சாமுவேல் என்னைத் தள்ளிவைத்துவிட்டார் என்று ஊரில் பேச்சு. அங்கேயும் யாராவது ஏதாவது சொல்வார்கள். நீ ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

எங்களுக்கு எஸ்தர் என்று ஒரு மகள் இருந்தாள். அம்முலு வயசுதான். அடைமழையில் காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாள் போய்விட்டாள். கடலைப் பார்த்த மேட்டில் அடக்கம் செய்தோம். பிறகு எனக்கு அந்த வீட்டில் சோறு இறங்கவில்லை. ஊருக்கே போய்விடலாம் என்றேன். அவரும் சரி என்று இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தார். கப்பல் புறப்படும் காலையில் என் மூட்டையைத் தூக்கிவந்து ஏணியண்டை வைத்தார். அவர் மூட்டையைக் காணோம். ஏன் என்று கேட்டேன்.

“நீ போ மேரி. கொழந்த இங்க ஒண்டியா கீது. நான் எப்டி வர்றது?” என்றார்.

சண்டை எதுவும் இல்லை, தேவகி. என்னால் அங்கே நிற்க முடியவில்லை, அவரால் கப்பல் ஏற முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது. வருஷம் நாலாகிறது. கிறிஸ்துமஸுக்கு அவரிடமிருந்து ஒரு கார்டு வரும், சுகம் என்று இருக்கும். நானும் சுகம் என்று பதில் போடுவேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. பொங்கலும் போய்விட்டது.

கப்பல் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேதான் அவர் வேலை பார்க்கும் மரம் அறுக்கும் மில். உத்திரமேரூர் சாமுவேல் என்று கேட்டால் காட்டுவார்கள். உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று நீயே கண்ணால் பார்த்து எனக்கு எழுது. மேரி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாரானால், அடுத்த கப்பலுக்கே வரத் தயாராய் இருக்கிறாள் என்று சொல். கேட்காவிட்டால் நீயாக ஒன்றும் சொல்லவேண்டாம். வீட்டுக்குக் கூப்பிட்டு, புளி ஊற்றி ஒரு குழம்பு வைத்து, நம் ஊர்ச் சோறாக ஒரு வேளை போட்டு அனுப்பு.

கடல் உங்கள் இருவரையும் அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அம்முலு நூறு வயசு இருக்க வேண்டும். தினமும் ஜெபத்தில் அதைத்தான் கேட்கிறேன்.

உன் அக்கா,
மேரி