செந்தமிழின் ஆமைகளுக்குச் சோறு வேண்டாம்

மலர்,

உப்பளத்துக்குக் கிளம்புகிறேன். உன்னை எழுப்ப மனம் வரவில்லை. ராத்திரி கத்திவிட்டேன். சொல்ல வந்ததை இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

செந்தமிழ் காய்ச்சலில் போனதிலிருந்து தினமும் அவள் தட்டில் சோறும் மீன்குழம்பும் போட்டு, அதை அவளுடைய ஆமைகளுக்கு வைக்கிறாய். "அதுங்க துன்னா எம்பொண்ணு துன்ன மாதிரி"ன்னு அழுகிறாய். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் குட்டி ஆமைக்கு உப்பும் புளியும் ஆகாது. ஓடு வளர்வதற்கான சத்து சோற்றில் இல்லை. பெரியதன் ஓட்டை நேற்று தொட்டுப் பார்த்தேன், மெத்தென்று இருக்கிறது.

உப்புப் போடாத இறாலும் மண்புழுவும் சின்னதாக நறுக்கி, கொஞ்சம் கீரையும் சேர்த்துக் கொடு. தண்ணீருக்குள்ளேயே போடு. அதன் வாயில் எச்சில் ஊறாது, தண்ணீரோடுதான் விழுங்கும். "அப்பா, ஆம ஏன் கரைல துன்னாது?" என்று அவள் கேட்டபோது இதைத்தான் சொன்னேன்.

தின்றபின் ஆமைகளை, சுனாமி நிவாரணத்தில் கொடுத்த அந்த நீலத் தொட்டியோடு வாசல் வெயிலில் வை. பாதித் தொட்டிக்கு நிழல் இருக்கட்டும். வெயில் பட்டால்தான் சுண்ணாம்புச் சத்து ஓட்டில் சேரும். கொறிப்பதற்குக் கணவாய் மீனின் ஓடு ஒன்று மிதக்கவிட்டிருக்கிறேன்.

பலராமன்

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு சிவசங்கரியிடம் கொடு.

இன்னொன்று. அவள் தட்டில் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. எப்போதும்போல மீனில் முள்ளை எடுத்துவிட்டே போட்டு மூடி வை. சாயந்திரம் வந்து நான் சாப்பிடுகிறேன்.