வெள்ளிக்கிழமை கேமரா

சேலையூர்
23.2.2006

அன்புள்ள 'என்னங்க' அவர்களுக்கு,

இங்கே மாமா, அத்தை, நான் எல்லோரும் சுகம். உங்கள் இருமல் நின்றதா?

இனி வெள்ளிக்கிழமைகளில் உங்களோடு கேமராவில் பேச நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார மாட்டேன். போன வாரம் பால் பொங்குகிறதென்று எழுந்து போனேன். உங்கள் பக்கம் படம் உறைந்து நின்றதோ என்னவோ, நான் உட்கார்ந்திருப்பதாக நினைத்து டைப் அடித்திருக்கிறீர்கள். திரையில் வந்ததை வழக்கம்போல அத்தைக்காக மாமா எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். "முந்... தா... னையைக் கொஞ்சம்..." வரை வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தை, "இன்னாத்துக்கு நிறுத்திட்டீங்க? முழுசாப் படிங்க" என்றார். "கரண்ட் போயிடுச்சு" என்றார் மாமா. தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்து என் முகத்தைப் பார்க்காமல்தான் காபி வாங்கிக்கொள்கிறார்.

மானம் போனதுகூடப் பரவாயில்லை. டிசம்பர் லீவில் பக்கத்தில் படுத்திருந்தபோது இதில் கால்வாசிகூட நீங்கள் பேசவில்லையே. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். என்னைப் பிடிக்கவில்லையோ என்று நீங்கள் போன பிறகு அழுதேன். பெட்டிக்குள் தெரிகிற சரிதாவிடம் வீரம், பக்கத்தில் இருக்கிற சரிதாவிடம் வாய்ப்பூட்டு. உங்களுக்கு யார் வேண்டும்? கையால் எழுதுங்கள். கேமராவைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன்.

கோபமும் ஆசையுமாக,
சரிதா

மஸ்கட்
5.3.2006

அன்புச் சரிதா,

அப்பா முகத்தில் இனி எப்படி விழிப்பேன்? உன் கடிதத்தைக் குளியலறையில் ஒளிந்துகொண்டு படித்தேன்.

உன்னைப் பிடிக்காமலா? இங்கே அறையில் ஆறு பேர், ஒரு லேப்டாப். ராத்திரியில் அதில் ஓடும் படங்களைச் சொல்லவே கூசுகிறது. பார்த்துப் பார்த்து, ஆம்பளை என்றால் இப்படித்தான் என்று மனதில் பதிந்துவிட்டது. லீவில் உன் பக்கத்தில் படுத்ததும் எனக்கு நானே மார்க் போட ஆரம்பித்தேன். எல்லாவற்றிலும் ஃபெயில். பயந்துபோய்த் திரும்பிப் படுத்தேன். திரையில் சொதப்பினால் லைன் கட்டாகிவிட்டது என்று தப்பிக்கலாம். உன் பக்கத்தில் எந்த லைனைக் கட் பண்ணுவது?

இதை யாரிடமும் சொன்னதில்லை. மே மாதம் லீவு கேட்டால் கொடுப்பார்கள். வரட்டுமா, வேண்டாமா? நீ சொல்வதுதான்.

உன்
மோகன்ராஜ்

சேலையூர்
16.3.2006

என்னங்க,

கடிதம் படித்து முதலில் அழுதேன், பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன். நான் மட்டும் என்ன, இதில் பட்டமா வாங்கியிருக்கிறேன்? ஆசையைக் காட்டினால் தப்பாக நினைப்பீர்களோ என்று மரக்கட்டை மாதிரி கிடந்தேன். நல்ல ஜோடிதான் நாம்.

கூச்சத்தை விட்டுத் தாம்பரத்தில் டாக்டர் ஹில்டாவிடம் கேட்டே விட்டேன். "சண்டைப் படத்துல ஒருத்தன் பத்து பேரை அடிக்கிறான், அதை நம்புறியாம்மா? இதுவும் அப்படித்தான். ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசுங்க, அவசரப்படாதீங்க" என்றார். மாத்திரை கேட்டதற்குச் சிரித்தே அனுப்பிவிட்டார்.

நான் பரீட்சை எதுவும் வைக்கவில்லை. கட்டாயம் வாருங்கள். மாமாவும், "புள்ளை எப்பம்மா வர்றான்?" என்று கேட்டுவிட்டார்.

காத்திருக்கும்,
சரிதா

சேலையூர், நம் வீட்டு ஹால்
14.5.2006, ஞாயிறு மதியம்

சரிதா,

நீ அடுக்களையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருக்கிறாய், நான் இங்கே உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். வந்ததிலிருந்து வாயைத் திறந்தால் விமானத்தில் போட்ட சாப்பாட்டைப் பற்றித்தான் பேச்சு வருகிறது. அப்பாவும் அம்மாவும் கேளம்பாக்கம் கல்யாணத்திலிருந்து சாயங்காலம்தான் வருவார்கள். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. உன் பக்கத்தில் இருக்க ஆசையாகவும் இருக்கிறது. முதலில் உன் கையை மட்டும் பிடித்துக்கொள்ளட்டுமா?

மோகன்

என்னங்க,

உங்கள் தாளின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன். இனி உங்களுக்குக் கடிதம் எழுதுவதாக இல்லை. அடுப்பை அணைத்துவிட்டேன். கையெல்லாம் கடலை மாவு. பரவாயில்லை என்றால் வந்து பிடித்துக்கொள்ளுங்கள்.

சரிதா