பட்டியலிலிருந்து அடித்த பெயர்

மார்ச் 11

அன்பு மகள் மெரெடித்துக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அலாஸ்காவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறோம். இங்கே ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. கோவில் கொதிகலன் இந்தக் குளிருக்குள் மூன்று தரம் படுத்துவிட்டது, மூன்று தரமும் நான்தான் நிலவறையில் இறங்கி அதோடு மல்லுக்கட்டினேன். வியாழக்கிழமை உணவுப் பொருள் கொடுப்பது நிற்கவில்லை, போன வாரம் நாற்பத்தொரு குடும்பம் வந்தது, சபையில் நாங்கள் மொத்தமே பதினேழு பேர், அதில் நாலு பேருக்கு முழங்கால் வேலை செய்யாது, எப்படி நடக்கிறதென்று எங்களுக்கே தெரியவில்லை. பீடத்துத் துணிகளை அம்மாதான் இன்னும் துவைத்துத் தேய்க்கிறாள். திருவிருந்துத் துணி அலசிய தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாதென்று பனியைத் தோண்டி மண்ணைத் தேடிப்பிடித்து ஊற்றுகிறாள், மண்வெட்டி பிடிப்பது மட்டும் என் வேலை.

இனிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் மகளே. உன் தம்பி டோபியின் மேல் லாரியை ஏற்றிய அந்த டாரலுக்காக நம் கோவிலில் ஐந்து வருடமாக ஞாயிறுதோறும் ஜெபம் நடக்கிறது. அவன் பேரை எழுதிப் போட்டவன் நான். உன்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. தம்பியை அடக்கம் செய்த வருடம் கர்த்தருடைய ஜெபத்தில் ‘மன்னிக்கிறதுபோல’ என்ற இடம் வந்தால் எனக்கு வாய் கட்டிப்போகும். அப்போது இங்கிருந்த ஆயர் ஹோலிஸ் அம்மா அதைக் கவனித்துவிட்டு நிலவறைக்கே இறங்கி வந்து, “லைல், உன்னால முடியாததை நீ செய்ய வேண்டாம். அவன் பேரை மட்டும் சீட்டுல எழுதி ஜெபப் பெட்டியில போடு. சொல்றதை நாங்க சொல்லிக்கிறோம், நீ பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திரு, போதும்” என்றார். அப்படித்தான் போட்டேன். ஜெபப் பட்டியலில் குடும்பப் பேரைச் சேர்க்காமல்தானே படிப்பார்கள், உலகத்தில் எத்தனையோ டாரல் உண்டு, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பேர் வரும்போது பக்கத்தில் இருக்கும் உன் அம்மாவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. தெரிந்தால் அவள் என் முகத்தில் விழிப்பாளா என்ற பயம் ஐந்து வருடமும் என்னோடுதான் கோவிலுக்கு வந்து போனது.

போன மாதம் விண்ணப்பம் வாசிக்கும் வினிஃப்ரெட், பட்டியல் பிரசங்கத்தைவிட நீளமாகிவிட்டது, அறுபத்து மூன்று பேர், எனக்கு மூச்சு வாங்குகிறது, களையெடுக்க வேண்டும் என்று கொடி பிடித்தாள். ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது ஒவ்வொரு பேராகப் படிப்பாள், கேட்டுக்கொண்டவர் கை தூக்க வேண்டும், யாரும் தூக்காத பேரை அடித்துவிடுவாள், அதுதான் ஏற்பாடு. பஸ்டர் என்று நாங்கள் மூன்று வருடமாக இடுப்பு வலிக்காக வேண்டிக்கொண்டிருந்தது ஒரு நாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, அதுவும் செத்து இரண்டு வருடம் ஆகிறதாம். பாடகர் குழுவில் அடிக்குரலில் பாடும் எல்வுட் தன் பேர் நோயாளிகளோடு வருவதை நாலு வருடமாகக் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார். ஏனய்யா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு நிறுத்தணும்னு விட்டுட்டேன்” என்றார், எல்லாரும் சிரித்தோம். அடுத்து வினிஃப்ரெட், “டாரல்?” என்றாள். அம்மா காப்பிக் கோப்பையைப் பார்த்தபடி நின்றாள், நான் என் தட்டைப் பார்த்தேன், கை எழும்பவில்லை. வினிஃப்ரெட் இன்னொரு தரம் கேட்டுவிட்டுக் கோடு போட்டாள். அப்பாடா தொலைந்தது என்று எனக்கு இருந்தது, உன்னிடம் மறைப்பானேன், நான் அவ்வளவு கோழை.

அடுத்த ஞாயிறு லெந்து என்னும் தவக்காலத்தின் முதல் ஞாயிறு. விண்ணப்பத்தில் கோரா என்ற பேரைப் படித்துவிட்டு வினிஃப்ரெட் எலனோருக்குத் தாவினாள். நடுவில் டாரல் வரும் இடத்தில் ஒரு படி இல்லாத மாதிரி இருந்தது. எல்லாம் படித்து முடித்து, உங்கள் உள்ளத்தில் உள்ளவர்களை மௌனமாகவோ வாய்விட்டோ சொல்லலாம் என்று எப்போதும் போல நிறுத்தினாள். வழக்கமாக அந்த நேரத்தில் இருமல்தான் கேட்கும். அன்றைக்கு என் பக்கத்திலிருந்து, “டாரல்” என்று ஒரு குரல். உன் அம்மா. அவள் சொல்லி முடிக்கவில்லை, பின்வரிசையிலிருந்து எல்வுட், “டாரல்” என்றார், அப்புறம் ஆர்கன் பக்கத்திலிருந்து ஒரு குரல், ஜன்னலோரத்திலிருந்து ஒன்று, கடைசியில் வினிஃப்ரெட்டே கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “டாரல்” என்றாள். ஊரே சேர்ந்து உன் தம்பியைத் தூக்கிச் சுமந்த நாளைப் பார்த்தவன் நான், அதைவிடப் பெரிய காரியத்தை அந்த அரை நிமிடத்தில் பார்த்தேன். பதினேழு பேர், ஒழுகும் கூரை, கர்த்தர் அங்கே நின்றார் மகளே, வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கடைசியாக நானும் சொன்னேன். ஐந்து வருடத்தில் அந்தப் பேரை என் வாய் சொன்னது அதுதான் முதல் தரம்.

வினிஃப்ரெட் பிறகு என்னைத் தனியாக அழைத்து, “பேப்பர்ல வந்த பேரு லைல், எங்களுக்குத் தெரியாதா? ஹோலிஸ் அம்மா போட்டிருப்பாங்கன்னு நெனச்சோம். உன் வீட்டுக்காரி ஆர்லீன் அங்க நிக்கும்போது யாரு வாயைத் திறப்பா” என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்தி, சீட்டை எழுதியவன் நான்தான் என்று அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் கைக்குட்டையை மடித்துக்கொண்டே, “சீட்டுப் பெட்டியைத் தெறந்து வினிஃப்ரெட் கையில குடுக்கறதே நான்தானே? நாப்பது வருஷமா மளிகைச் சீட்டுல உன் கோழிக்கிறுக்கலைப் படிக்கிறேன், தெரியாதா? அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டிருப்பேன் லைல், கையில எடுத்தும் பார்த்தேன். மொத வருஷம் அந்தப் பேரு வந்தா பெஞ்சை இறுக்கிப் புடிச்சுக்குவேன். எப்ப விட்டேன்னு ஞாபகமில்லை. இன்னைக்கு அந்தப் பேரு வரலைன்னதும் நம்ம புள்ளையை இன்னொரு தரம் எடுத்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு” என்றாள். இத்தனை வருடம் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உட்கார்ந்து இருவரும் ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறோம். அங்கேயே அழுதோம், பனி அள்ளும் வண்டிக்காரன் கார் பழுதா என்று இறங்கி வந்து கேட்டுவிட்டுப் போனான்.

இதை இப்போது எழுதக் காரணம், அம்மா அவனுக்குக் கடிதம் போட்டாள். சிறையிலிருந்து வந்தபிறகு இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு மர ஆலையில் வேலை பார்க்கிறானாம். “வாங்க, என்ன பேசுறதுன்னுதான் எனக்குத் தெரியலை” என்று ஒரே வரியில் பதில் வந்தது. வருகிற சனிக்கிழமை போகிறோம். வேறு யார் மூலமாகவும் உன் காதுக்கு வரக் கூடாது என்று முந்திக்கொண்டேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும், தம்பியைத் தூக்கி வளர்த்தவள் நீ, உன்னை இதற்கு இழுக்க மாட்டோம். ஃபோனில் என்னைத் திட்டு, அம்மாவை விட்டுவிடு.

உன் சின்னவனுக்குக் காது வலி என்றாயே, தொப்பியில்லாமல் வெளியே விடாதே. ஜூலையில் வருவதாக இருந்தால் இப்போதே டிக்கெட் போடு. கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காத்து, தம் முகத்தை உங்கள்மேல் பிரகாசிக்கச் செய்வாராக. அம்மா அடுப்பங்கரையிலிருந்து தன் முத்தத்தையும் எழுதச் சொல்கிறாள். சனிக்கிழமை அவனிடம் என்ன பேசுவாய் என்று இப்போதுதான் அவளிடம் கேட்டேன். “மொதல்ல அவன் அம்மா பேரைக் கேக்கணும். இத்தனை வருஷமா அவளைப் பட்டியல்ல சேர்க்காம விட்டுட்டோமே” என்கிறாள்.

என்றும் உன் அப்பா,
லைல்