இடிக்கக் கொடுத்த வீடு

இன்று நம் சுரங்கக் குடியிருப்பு லைனில் புல்லுக்கூரைகளைப் பிரிக்கிறார்கள். இனிமேல் எல்லா வீட்டுக்கும் தகரமாம். வருஷக்கணக்கில் புகை குடித்துக் கறுத்த புல்லை வாரி வெளியே போடும்போது ஒரு வாடை கிளம்புகிறது. அடுப்பு, மழை, எலி, மனிதர் எல்லாம் கலந்த வாடை. அது மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்குள் வந்து காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உனக்கு எழுத்து தெரியாது. நீ இருந்தாலும் நான்தான் படித்துக்காட்ட வேண்டியிருக்கும். அதனால் எழுத எழுத வாய்விட்டே படிக்கிறேன். இவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பக்கத்து வீட்டில் நினைத்தால் நினைக்கட்டும்.

கல்யாணமான கையோடு வேலூர்ப் பக்கத்திலிருந்து உன்னை இங்கே கூட்டிவந்தபோது, லைனைப் பார்த்துவிட்டு நீ கேட்ட முதல் கேள்வி ஞாபகம் இருக்கிறது. "இதுல நம்ம வூடு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது?" கேட்டது நியாயம்தான். மூங்கில் தட்டிச் சுவர், புல்லுக்கூரை, ஒரு வீட்டின் தோளில் இன்னொரு வீடு. ஒரு முனையில் பொறி விழுந்தால் மறுமுனை வரைக்கும் போய்விடும். அதற்காகத்தான் சுரங்கத்துத் துரைமார் நெருப்புப் படை என்று ஒன்றை வைத்தார்கள். மிஷன் பள்ளியில் நாலெழுத்து படித்தவன், இங்கிலீஷ் காதில் ஏறும் என்று, மரக்கிடங்கில் வேலை பார்த்த என்னையும் அதில் சேர்த்தார்கள். நெருப்பு பிடித்தால் ஓடுவது பாதி வேலை. பிடிக்காமல் இருக்க ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது மீதி வேலை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தமுக்கு அடித்துக்கொண்டு லைன் லைனாகப் போவோம். படைத் தலைவர் துரை இங்கிலீஷில் நீட்டி முழக்குவார், நான் தமிழில் சொல்வேன். சாம்பலைத் தண்ணீர் தெளித்துக் கொட்டுங்கள். வாசலில் ஒரு பானைத் தண்ணீரும் ஈரச் சாக்கும் எப்போதும் இருக்கட்டும். சுரங்க ஷாப்டுக்குள் மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டை மடியில் கட்டிவந்து மூங்கில் தூணில் ஒட்டி ஏற்றாதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டும்போதே எல்லோர் மடியிலும் துண்டு இருக்கும். வீட்டுக்கு வந்தால் நீ சிரிப்பாய். "அவரு அவ்ளோ நேரம் பேசினாரு, நீங்க ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டீங்க. மீதிய முழுங்கிட்டீங்களா?"

என் பேச்சு செய்யாததை நீ செய்தாய். அடுப்புக்குப் பின்னால் உள்ள தட்டியில் கனமாக மண் பூசி, நம் வீட்டைப் பார்க்கப் பெண்களைக் கூப்பிட்டாய். பிறகு வீடு வீடாகப் போனாய். "அடுப்பாண்ட தட்டி தெரிஞ்சா உங்க வூட்ல கை நனைக்க மாட்டேன்" என்றாய். வந்த இடத்தில் சாப்பிட மாட்டேன் என்று ஒருத்தி சொன்னால் எந்த வீட்டுக்காரி பொறுப்பாள்? ஒரு மாசத்தில் லைன் முழுக்க மண் பூசிவிட்டார்கள். துரை அது தன் பேச்சின் பலன் என்று நினைத்துக்கொண்டார். நானும் வாய் திறக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் எந்த லைனும் ஒப்புக்கொள்ளவில்லை. நெருப்பு வந்தால் அது பரவும் வழியில் ஒரு வீட்டை இரும்புத் தொரட்டி போட்டு இழுத்துச் சாய்த்து இடைவெளி விட வேண்டும். எந்த வீடு என்று முன்பே முடிவு செய்து, தூணில் சுண்ணாம்பு வளையம் போட்டுவைக்க வேண்டும். நெருப்பு வந்த பிறகு பேசி முடிக்க நேரம் இருக்காது. நான் இதைச் சொன்னதும் நம் லைனில் சத்தம் எழுந்தது. "நல்லா கீற வூட்ட இன்னாத்துக்கு இடிக்கணும்?" "முதல்ல உன் வூட்ட இடி." எதிர்வீட்டு மேஸ்திரி எழுந்தே போய்விட்டார்.

நீ கூட்டத்துப் பின்னால் நின்றிருந்தாய். "எங்க வூடு நடுவுலதான கீது. எங்க வூட்லயே போடுங்க" என்றாய். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அந்த மண்சுவரும், வாசலில் நீ வைத்த அவரைப் பந்தலும், உள்ளே கட்டிய பலகைப் பரணும் உன் கையால் ஆனவை. ஊரில் கூட்டுக் குடும்பத்தில் ஒரு மூலை கூட உனக்கென்று இருந்ததில்லை. இது ஒன்றுதான் உன் வீடு. அதைத் தூக்கிக் கொடுக்கிறாயே என்று வீட்டுக்குள் வந்து கத்தினேன். நீ சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டே சொன்னாய். "ஊருக்குச் சொல்றவன் வூட்ல ஆரம்பிச்சாதான் ஊரு கேக்கும். இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சினு கீறீங்க?" வளையத்தை நீயே போட்டாய்.

மார்கழிப் பிற்பகல் அது. லைனின் மேற்கு முனையில் யாரோ குளிருக்கு மூட்டிய நெருப்பு கூரையில் ஏறியது. காற்று நம் பக்கம். தொரட்டியோடு நான் ஓடிவந்தபோது நம் வீட்டுச் சாமான்களெல்லாம் மைதானத்தில் இருந்தன. நீ அரிவாளை வைத்துத் தூண்களின் கயிற்றுக் கட்டுகளை அறுத்துக்கொண்டிருந்தாய். நான் ஒரு கணம் நின்றுவிட்டேன். "இழுங்க. இன்னா பாத்துனு நிக்கிறீங்க?" என்றாய். இழுத்தோம். நீ பூசிய சுவர் படுத்தது. புல்லை வாரித் தூரத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றி நிமிர்ந்தால், காற்று திரும்பிவிட்டது. முனையிலிருந்த நாலு வீடுகளோடு நெருப்பு அடங்கியது. நம் வீட்டுக்கு அது வரவே இல்லை.

"அவசரப்பட்டுட்டீங்களேம்மா, வூடு சும்மா போச்சே" என்றார் மேஸ்திரி. நீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சும்மா போச்சுன்னு சொல்றதுக்கு நீங்கல்லாம் முழுசா கீறீங்க இல்ல, அது போதும்" என்றாய்.

வீட்டைத் திரும்பக் கட்ட மூங்கில் வண்டி வர நாளானது. வந்ததையும் வீடு எரிந்தவர்களுக்கு முதலில் கொடுக்கச் சொன்னாய். நாம் இரண்டு தட்டிகளைச் சாய்த்து மேலே சாக்கைப் போட்டுக்கொண்டு படுத்தோம். கோலார் மார்கழிப் பனி சாக்குக்கு அடங்குமா? விடியும்போது உன் தலைமயிர் ஈரமாக இருக்கும். வரச்சொல்லி மேஸ்திரி சம்சாரம் கூப்பிட்டாள், இன்னும் பலர் கூப்பிட்டார்கள். நீ போகவில்லை. "ஏழு பேர் படுக்கிற எடத்துல நாம எங்க கால நீட்டறது? வூட்டக் கொடுத்துட்டு எடம் கேட்டு நின்னா, கொடுத்ததுக்கு இன்னா அர்த்தம்?" இந்த வீம்பு மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் கூட நீ திரும்பி நடந்து வந்திருப்பாய்.

முதலில் இருமல். பிறகு விலாவில் குத்தல். ஆஸ்பத்திரியில் மாவுப் பத்துப் போட்டார்கள், கசாயம் கொடுத்தார்கள். மூச்சு வாங்கும்போது கூட, அவரைக் கொடியை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். பொங்கலுக்கு நீ இல்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு நம் மூங்கில் வந்து இறங்கியது. அதைப் பார்த்து நான் அழுத அழுகையில் வண்டிக்காரர் பயந்துபோனார். யாரைக் கேட்டாலும் நீ ஜுரத்தில் போனதாகத்தான் சொல்வார்கள். எனக்கு நீ நெருப்பில் போனவள்.

நான் படையை விடவில்லை. இப்போது நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கமும் போகிறேன், புதிதாக எழும்பும் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவிலும் போய்ச் சொல்கிறேன். தொரட்டி, வளையம் என்று அந்த இடம் வரும்போது மட்டும் துரை சொல்லாத ஒன்றை நான் சேர்த்துக்கொள்கிறேன். இடித்த வீட்டுக்காரர் அன்று பொழுது சாய்வதற்குள் ஒரு கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். எந்த வீட்டில் என்பதும் முன்பே முடிவாக வேண்டும். வருகிறீர்களா என்று கேட்கக் கூடாது, மாட்டேன் என்று சொல்லவும் கூடாது. லைன் முழுக்க வாய்விட்டு ஒப்புக்கொண்ட பிறகுதான் சுண்ணாம்பைத் தொடுவேன். கூப்பிட்டால் நீ போகமாட்டாய் என்று தெரிந்துதானே இதைச் சட்டமாக்கினேன்.

போன மார்கழியில் கோரமண்டல் சுரங்கத்தில் ஒரு லைனில் நெருப்பு பிடித்தது. வளையம் போட்ட வீட்டை இழுத்தோம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். மூட்டையை அணைத்துக்கொண்டு மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "வேணாங்க, பாவம் அவங்களுக்கு இடைஞ்சல்" என்றாள். "யாரும் உன்னக் கூப்புடலம்மா. இது சட்டம், எழுந்துரு" என்று அதட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து எதிர்வீட்டுக்குள் போனாள்.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். எதிர்வீட்டுக் குழந்தைகள் இரவெல்லாம் உதைத்ததாகவும், கிழவர் குறட்டையில் கண் மூடவில்லை என்றும், எல்லாம் என்னால்தான் என்றும் வாசலில் நின்று என்னைத் திட்டினாள். குரல் கணீரென்று இருந்தது. தலைமயிர் காய்ந்திருந்தது. கூட வந்தவர்கள் போகலாம் என்றார்கள். நான் அவள் திட்டி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.