மேட்டைப் பார்த்து நின்ற லாரி

துண்டை மருமகள் இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசிவிட்டாள். டீசல் வாடை இன்னும் போகவில்லை. முகம் துடைக்க எடுத்தால் நீ பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. கல்யாண வீட்டுக்கு நீ கட்டிவந்த புது வேட்டியிலும் இதே வாடைதான் அடிக்கும். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள். எழுதி எங்கேங்க அனுப்பறது என்று கேட்டாள். முதல்ல எழுது கண்ணு என்றேன்.

உன் லாரி போன வாரம் ஒருநாள் கிளம்பவில்லை. பிறகு கிளம்பிவிட்டது. ஆனால் ஏன் கிளம்பவில்லை என்பதில் எனக்கு ஒரு குழப்பம். அதை உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

நாம் வண்டி ஓட்டிய காலம் முழுக்க உனக்கு ஸ்டியரிங், எனக்குக் கல். பொழுது சாய்ந்து நம் ஊர் வெள்ளக்கடைக்கு வந்து சேர்ந்தால், உன் வீட்டுச் சரிவில் வண்டியின் மூஞ்சி பள்ளத்தைப் பார்க்க நிறுத்துவாய். வண்டி உருளாமல் நான் முன்சக்கரத்துக்கு அண்டைக் கல் வைப்பேன். விடியற்காலைக் குளிரில் பேட்டரி மக்கர் பண்ணினால், "கல்லை எடுப்பா" என்பாய். எடுத்ததும் வண்டி தானாக உருளும், கியரில் விடுவாய், எஞ்சின் உறுமும். இந்த மலையில் வண்டி வைத்திருக்கிற எல்லோரும் இப்படித்தான் நிறுத்துவார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

போன ஆடியில் டேங்க் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததும் நீ தனியாகச் சேலத்துக்கு ஓட்டிப் போனாய். புது டேங்க், கரண்டில் ஓடுகிற பம்பு, பெரிய ஃபில்டர், புது நாசில் என்று எல்லாம் மாற்றிக்கொண்டு வந்தாய். அன்று சாயங்காலம் வண்டியைத் திருப்பி, மூஞ்சி மேட்டைப் பார்க்க நிறுத்தினாய். நான் கல்லைத் தூக்கிக்கொண்டு முன்சக்கரத்துப் பக்கம் போய் நின்றேன்.

"ஏப்பா, வண்டி சாமி கும்பிடவா மேல பாத்து நிக்குது?" என்றேன்.

"இனிமே இப்படித்தான் நிக்கோணும்" என்று என் கையிலிருந்த கல்லை வாங்கி நீயே பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்தாய். ஏன் என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாளும் நீயே வைத்தாய். என் வேலையைப் பிடுங்கிக்கொண்டாய் என்று எனக்கு மனசு கசந்தது. வருவதைக் குறைத்துக்கொண்டேன். ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய். வண்டி கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டது.

தையில் உன் மகள் ராசாத்தி அதை வெளியே எடுத்தாள். லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து அவளுக்கு வண்டி ஓட்டக் கை அரித்துக்கொண்டே இருந்தது, உனக்குத் தெரியாததா? எஸ்டேட்டில் காப்பி மூட்டை ஏற்ற வண்டி கேட்டிருந்தார்கள். முதல் லோடு சரியாகப் போய்ச் சேர்ந்தால் சீசன் முழுக்க நம் வண்டிக்குத்தான் என்று அங்கே கணக்கு எழுதுகிற ரைட்டர் சொல்லியிருந்தார். அவள் முந்தின நாள் சாயங்காலம் வண்டியைச் சுத்தம் பண்ணி, சரிவில் மூஞ்சி பள்ளத்தைப் பார்க்க நிறுத்தினாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தானே பார்த்து வளர்ந்தாள். என்னைக் கூப்பிட்டனுப்பினாள். நான் போய் முன்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். பழையபடி ஆயிற்று என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட.

காலையில் செல்ஃப் அடித்தாள். சுற்றியது, எடுக்கவில்லை. ஒண்டிக்கடையிலிருந்து மெக்கானிக் சுப்பு வந்தான். பேட்டரி நன்றாக இருந்தது. டீசல் இருக்கிறதா என்று டேங்க் வாய்க்குள் நானே குச்சி விட்டுப் பார்த்தேன், குச்சி நான்கு விரல் நனைந்திருந்தது. டீசல் போகிற வழியில் ஏர் பிடித்திருக்கிறது என்று சுப்பு குழாயைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அடித்தான். நுரையாக வந்தது. அடிக்க அடிக்க நுரைதான். என் துண்டால் துடைத்துத் துடைத்துத் துண்டு ஊறிப்போயிற்று.

"கரண்ட் பம்பு போயிருச்சுங்க" என்றான் சுப்பு. கொஞ்ச நேரம் கழித்து, "நாசில் ஒத்துக்கல போலிருக்குதுங்க" என்றான். பிறகு ஃபில்டர் என்றான்.

"ஒரே பேச்சாச் சொல்லு சாமி" என்றேன்.

"எல்லாமே புதுசுங்க தாத்தா. எதைன்னு சந்தேகப்படறது?"

ராசாத்தி போனை வைத்துவிட்டு வந்தாள், முகம் வெளிறிக் கிடந்தது. "மத்தியானச் சோத்துக்குள்ள வண்டி வரலைன்னா குப்பனூர்க்காரன் வண்டிக்குச் சொல்லிருவாங்களாம் பெரியப்பா. அப்புறம் சீசன் பூராவும் அவனுக்குத்தானாம்."

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கல்லை எடுத்தேன். வண்டி உருண்டது. அவள் கியரில் விட்டாள், இரண்டு குலுக்குக் குலுக்கியது, அவ்வளவுதான். உருண்டு போய்ப் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அந்த நேரம் பார்த்து பஸ் வந்துவிட்டது.

"ஏனுங்கக்கா, காப்பிக் கொட்டையத்தான் ரோட்டுல காயப்போடுவாங்க. லாரியையுமா காயப்போடறீங்க?" என்று கண்டக்டர் தலையை நீட்டினான். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். ராசாத்தி சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். லோடு தவறிய அன்று நீ உட்கார்ந்திருப்பாயே, அதே மாதிரி.

பஸ் போக வழி வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வழியாக வந்த ஒரு ஜீப்பில் கயிறு கட்டி இழுத்தோம். பஸ் திரும்புகிற சமதளத்தில் கொண்டுபோய் ஓரமாக விட்டோம். சுப்பு வீட்டுக்குக் கிளம்பத் தயாராகிவிட்டான். "இன்னொருக்கா அடிச்சுப் பாரு சாமி" என்றேன். வேண்டாவெறுப்பாக அடித்தான். முதலில் நுரை. பிறகு குபுகுபுவென்று தெளிந்த டீசல். அவள் செல்ஃப் அடித்ததும் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. சுப்பு என்னைப் பார்த்தான், நான் சுப்புவைப் பார்த்தேன். யார் என்ன செய்தோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவளுக்கு அதெல்லாம் கேட்க நேரமில்லை. எஸ்டேட்டில் மத்தியானச் சோற்றுக்கு இலை போடுவதற்கு முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். சீசன் லோடு நமக்குத்தான் என்று ரைட்டர் சொல்லிவிட்டார். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள்.

அன்று ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது தரை மேடும் பள்ளமுமாக இருந்ததில் தட்டு சாய்ந்தது. ரசம் அத்தனையும் ஒரு ஓரத்துக்கு ஓடியது. இந்தப் பக்கம் கை வைத்தால் வெறும் தட்டு. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் போய் லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். புது டேங்க்குக்கு வாய் முன்பக்கம் இருக்கிறது. டீசல் உறிஞ்சுகிற குழாய் பின்கோடியில் இருக்கிறது. மூஞ்சி பள்ளத்தைப் பார்த்தால் இருக்கிற கொஞ்ச டீசல் முன்னால் ஓடிவிடும். குச்சி நனையும், குழாய் காற்றைத்தான் குடிக்கும். சமதளத்துக்கு இழுத்து வந்ததும் டீசல் குழாய்ப் பக்கம் திரும்பியிருக்கிறது.

அப்படியென்றால் நீ இதைத் தெரிந்துகொண்டுதான் மேட்டைப் பார்க்க நிறுத்தினாயா? ராசாத்தியிடம் கேட்டேன். அவள் வேறு ஒன்றைச் சொல்லி என்னை இன்னும் குழப்பிவிட்டாள்.

"அதெல்லாம் இல்லீங்க பெரியப்பா. அப்பாவுக்கு அப்பவே நொம்ப மூச்சு வாங்கும். மேல பாத்து நிறுத்துனா டிரைவர் கதவு ஊட்டுப் பக்கம் வரும். எறங்கி வண்டியச் சுத்தி வர வேண்டியதில்லை, நேரா உள்ள போயிருவாரு. யாருகிட்டயும் சொல்லாதேன்னாரு. உங்ககிட்ட முக்கியமா."

எது நிஜம்? டேங்க்கா, மூச்சா? இரண்டுமா? மூச்சு வாங்குகிறவன் எதற்காக அந்தக் கனத்த கல்லை என் கையிலிருந்து வாங்கினாய்? எனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தாயா? உனக்கு ஒன்றுமில்லை என்று எனக்குக் காட்டினாயா?

சந்தேகம் தீர, பழையபடி ஒரு தடவை பள்ளத்தைப் பார்க்க நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டேன். "வம்பு வேண்டாமுங்க பெரியப்பா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். சேலத்தில் டேங்க்கை வேறு வாய்வரை நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறாள். இனி எப்படி நிறுத்தினாலும் கிளம்பும். உன் கணக்கு உன்னோடு போய்விட்டது.

இப்போது வண்டி மேட்டைப் பார்த்துத்தான் நிற்கிறது. பொழுது சாய்ந்து ஹாரன் சத்தம் கேட்டால் போகிறேன். கல்லைத் தூக்கியதும் கால் தானாக முன்சக்கரத்துக்குப் போகிறது. போய் நின்ற பிறகுதான் நினைவு வருகிறது. கல்லோடு லாரியைச் சுற்றிக்கொண்டு பின்சக்கரத்துக்கு நடக்கிறேன். வழியில் உன் வீட்டு வாசல். அங்கே வரும்போது எனக்கும் மூச்சு வாங்குகிறது. கல்லை இறக்கி வைக்காமல் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன். ராசாத்தியிடம் சொல்லவில்லை.