பேட்டரி ஆட்டோவை நிறுத்தத்திற்குள் மீண்டும் அனுமதிக்கவும், துணி காயப்போட ஒரு கொடி கட்டித் தரவும் வேண்டி

அனுப்புநர்:
ஒன்பதாம் வகுப்பு மாணவி, பள்ளி நூலக உதவியாளர்
(பேட்டரி ஆட்டோ ஓட்டுநரின் மகள்),
மருந்துக் கடை மாடி,
சந்தை வாசல் ஆட்டோ நிறுத்தத்திற்கு எதிரில்.

பெறுநர்:
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்.

பொருள்: சந்தை வாசல் ஆட்டோ நிறுத்தத்தில் நடந்த தீ விபத்து – ‘பேட்டரி வாகனங்கள் நிற்கக் கூடாது’ என்ற பலகையை அகற்றக் கோருதல் – எல்லா எரிபொருளுக்கும் பொதுவான பாதுகாப்பு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனு நெருப்பைப் பற்றியது. யாருக்கும் பெரிய காயம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் தாங்கள் பதற்றமில்லாமல் படிக்கலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். கருகியது ஒரு மீசை மட்டுமே.

1. சந்தை வாசல் நிறுத்தத்தில் என் அம்மாவின் ஆட்டோ ஒன்றுதான் பேட்டரியில் ஓடுவது. மற்றவை பெட்ரோல், ஒன்றிரண்டு கேஸ். அதனால் அங்கே அம்மாவுக்குப் ‘பேட்டரிக்காரம்மா’ என்று பெயர். வரிசையில் அம்மாவுக்கு முன்னால் நிற்பது அந்த நிறுத்தத்தின் மூத்த ஓட்டுநருடைய பெட்ரோல் ஆட்டோ. அவர் எங்களுக்கு ரத்த உறவு இல்லை. ஆனாலும் எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அவர் எனக்குச் சித்தப்பா. அவர் தம் ஆட்டோவைத் துடைக்கும் அக்கறையைப் பார்த்து அவருடைய பிள்ளைகளே பொறாமைப்படுவார்கள்.

2. சென்ற வாரம் மழை பெய்த மாலையில், சித்தப்பா ஒரு சவாரியை இறக்கிவிட்டு வந்து நின்ற சற்று நேரத்தில், அவருடைய ஆட்டோவின் பின்பக்கம் தீப்பிடித்தது. நான் மாடிப்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். தேநீர்க் கடைக்காரர் நல்லெண்ணத்தோடு ஒரு வாளித் தண்ணீரை எடுத்து வீசினார். ஒழுகியிருந்த பெட்ரோல் அந்தத் தண்ணீரின் மேல் மிதந்து ஓட, நெருப்பும் கூடவே ஓடி அவருடைய கடை வாசலுக்கே வந்தது. அவர் பெஞ்சின் மேல் ஏறிக்கொண்டார். அதே சமயம் சித்தப்பா புகைக்குள் கையை விட்டுத் தம் பாட்டுப் பெட்டியை எடுக்கப் போனார். அம்மா அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் இந்த மனு வேறு மாதிரி இருந்திருக்கும். மீசையின் வலது பாதி போயிற்று. மறுநாள் இடது பாதியையும் எடுத்துவிட்டார். இவ்வளவு நல்ல முகத்தை இத்தனை வருடமாக எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று சித்தி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

3. எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள மருந்துக் கடையில் ஒரு தீயணைப்பான் உண்டு. காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். எழுத்து எங்கே இருந்தாலும் படித்துவிடும் பழக்கம் எனக்கு. அம்மா சாவியோடு வரும்வரை அந்தக் கதவருகில் காத்திருந்தே அதன் மேல் எழுதியிருப்பது எனக்கு மனப்பாடம். ஆகவே மருந்துக் கடைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நானும் பின்னால் ஓடிச் சொன்னேன்: “மாமா, மொதல்ல வளையத்தப் பிடிச்சு அந்த ஊசிய உருவுங்க. தள்ளி நின்னு தீயோட அடியில அடிங்க.” அவர் பழக்க தோஷத்தில், “எத்தனை வேளை?” என்று கேட்டுவிட்டு உடனே ஊசியை உருவினார். வெள்ளைத் தூள் பீறிட்டு வந்து தீ அடங்கியது. தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது நிறுத்தத்தில் இருந்த அத்தனை பேரும் மாவில் புரண்டு எழுந்தவர்களைப் போல் நின்றுகொண்டிருந்தோம்.

4. வரிசையின் பின்பக்கமாக நின்று யாரோ படம் எடுத்திருக்கிறார். அந்தக் கோணத்தில் எங்கள் ஆட்டோ முன்னால் பளிச்சென்று தெரிகிறது. எரியும் ஆட்டோ அதற்குப் பின்னால் மறைந்திருக்கிறது. புகை மட்டும் எங்கள் கூரைக்கு மேல் எழுகிறது. ‘பேட்டரி ஆட்டோ வெடித்தது’ என்ற வாசகத்தோடு அந்தப் படம் ஊர் முழுவதும் சுற்றியது. அடுத்த நாளே தங்கள் அலுவலகப் பலகை வந்துவிட்டது. உண்மையில் எங்கள் வண்டியில் எரிந்தது மழைத்திரையின் ஒரு ஓரம் மட்டும். அதை அம்மா தைத்துவிட்டார்.

5. இனி தீ எப்படிப் பிடித்தது என்பது. இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. மழைக் காலத்தில் ஓட்டுநர்கள் எல்லோரும் வண்டி துடைக்கும் துணியைப் பின்பக்க மூடியைத் திறந்து இன்ஜினுக்கு மேலே காயப்போடுவார்கள். சவாரி போய் வருவதற்குள் அது காய்ந்து, தொட்டால் இதமாக இருக்கும். பேட்டரி வண்டியில் அந்த வசதி இல்லை. அம்மாவின் துணி நாள் முழுக்க ஈரமாகவே கிடப்பதைப் பார்த்து இரக்கப்பட்ட சித்தப்பா, “இங்க குடும்மா, நம்ம இன்ஜின் சும்மாதான சுடுது” என்று வாங்கிப் போட்டுக்கொண்டார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அந்தத் துணி நழுவிச் சைலன்சர் மேல் விழுந்து பற்றிக்கொண்டது. பக்கத்திலிருந்த பெட்ரோல் குழாய் உருகியது. தங்கள் அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தவரிடம் அம்மா, “துணி என்னோடது சார், அதையும் எழுதிக்கோங்க” என்றார். துணியை எல்லாம் எழுத முடியாது என்று அவர் போய்விட்டார். ஆக, எங்கள் வண்டி செய்த ஒரே குற்றம், ஒரு துணி காயும் அளவுக்குக்கூடச் சூடாகாமல் இருந்ததுதான்.

6. இதனால் பேட்டரி சாது என்று நான் வாதிடவில்லை. நூலகத்தில் படித்ததையும், அன்று வண்டியோடு வந்த தீயணைப்பு அதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன். பெட்ரோல் ஆவியாகிக் காத்திருக்கும். ஒரு பொறி போதும். அதன் மேல் தண்ணீர் வீசக் கூடாது. கேஸ் கசிந்தால் மூக்குதான் முதலில் சொல்லும். உடனே வண்டியை அணைத்து, வால்வை மூடி, விலகிப் போக வேண்டும். பேட்டரி அடிபட்டாலோ, பழுதான சார்ஜரில் கிடந்தாலோ உள்ளுக்குள் சூடேறி எரியும், புகை விஷம், அதைக் குளிர்விக்க நிறையத் தண்ணீர் வேண்டும், அணைந்த பிறகும் மறுபடி பற்றலாம். அதனால் தள்ளி நின்று தீயணைப்புத் துறையை அழைப்பதே சரி. எங்கள் வீட்டிலும் ஒரு தவறு இருந்தது. மாடிப்படிக்கு அடியில் ஒட்டுப்போட்ட ஒயரில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவோம். அதிகாரி அதைப் பார்த்துவிட்டு அம்மாவைத் திட்டிய திட்டு நியாயமானது. இப்போது படியை விட்டு விலகிய திறந்த முற்றத்தில், புது ஒயரில், விழித்திருக்கும்போது மட்டுமே சார்ஜ் போடுகிறோம்.

7. பலகை வந்ததிலிருந்து அம்மா பாலத்தடியில் நிற்கிறார். அங்கே வருபவர்கள் பயணிகள் அல்லர், மழைக்கு ஒதுங்குபவர்கள். மழை விட்டதும் நடந்து போய்விடுகிறார்கள். சித்தப்பாவின் வண்டி பட்டறையில் இருப்பதால், மதியத்துக்கு மேல் எங்கள் வண்டியை அவர்தான் ஓட்டுகிறார். சத்தமே இல்லாததால் தூக்கம் வருகிறது என்று வாயாலேயே உறுமிக்கொண்டு போகிறார். எனவே பெட்ரோல் வண்டிக்காரர் ஒருவரும் இந்தப் பலகையால் பாலத்தடியில் நிற்கிறார் என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். இப்படியே போனால் வண்டியைக் கொடுத்துவிட்டு மறுபடியும் ஜவுளிக் கடையில் துணி மடிக்கப் போவதாக அம்மா சொல்கிறார். அந்த வேலையிலிருந்து வீடு திரும்பும்போது அம்மா பேசவே மாட்டார். ஆட்டோ ஓட்டத் தொடங்கிய பிறகு பாடிக்கொண்டே வருகிறார். வண்டியில் சத்தம் இல்லாததால் அது தெரு முழுக்கக் கேட்கிறது. அம்மாவுக்குச் சுருதி சேராது. இருந்தாலும் அது தொடர வேண்டும் என்று விரும்புகிறேன்.

8. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து,

(அ) அந்தப் பலகையை எடுத்துவிட்டு, ‘இன்ஜின் மேல் துணி போடாதீர்’ என்று எழுதிய பலகையை அதே கம்பத்தில் மாட்டவும்;

(ஆ) நிறுத்தத்தின் கூரைக்கு அடியில் துணி காயப்போட ஒரு கொடி கட்டித் தரவும் (கயிறு தருவதாகத் தேநீர்க் கடைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார்; வாளியை மட்டும் அவரிடமிருந்து யாராவது வாங்கி வைக்க வேண்டும்);

(இ) நிறுத்தத்துக்கென்று ஒரு தீயணைப்பான் வழங்கி, எந்த எரிபொருள் எரிந்தால் என்ன செய்ய வேண்டும், எப்போது ஓடிவிட வேண்டும் என்று எல்லா ஓட்டுநர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி தரவும் வேண்டுகிறேன். மருந்துக் கடைக்காரரும் வருவார். அவருக்கு இப்போது அதில் ஆசை வந்துவிட்டது.

நான் எழுதியவை உண்மைதானா என்று தாங்கள் நேரில் வந்து பார்வையிட்டால் பெரிதும் மகிழ்வேன். சொல்லி அனுப்பினால் தங்களை அழைத்துவர அம்மா வண்டியோடு அலுவலக வாசலுக்கு வருவார். ஆனால் பலகை இன்னும் இருப்பதால், தங்களைப் பாலத்தடியிலேயே இறக்கிவிட வேண்டியிருக்கும். அங்கிருந்து நிறுத்தம் வரை நடை. மழை விட்டபாடில்லை, குடை கொண்டுவருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வருகையை மாடிப்படியிலிருந்து எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
பேட்டரிக்காரம்மாவின் மகள்

இடம்: மருந்துக் கடை மாடி
நாள்: புதன்கிழமை, பள்ளி விட்ட பின்

உடன் கையொப்பமிடுவோர்: சித்தப்பா (மீசை இல்லாத புதுப் புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது), தேநீர்க் கடைக்காரர், மருந்துக் கடைக்காரர் (கையெழுத்து புரியாவிட்டால் மன்னிக்கவும்).